ஒரு குறிக்கு ஒரு ஆள்

கடல் வந்து முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம் அது. மாதம் கேட்டால் சொல்லத் தெரியாது. சிறுபோகம் வெட்டி முடிந்து, வைக்கோல் இன்னும் வயலில் கிடந்தது. கடலால் வீடிழந்து வந்த சனம் தறப்பாள் கொட்டிலில் இருந்து தகரக் கொட்டிலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் நான் மல்லாவியில் மாட்டுப்பட்டிக்கு முன்னால், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்க, என் கூடப்பிறந்த தம்பியைக் கள்ளன் என்று சொன்னேன்.

அவன் கள்ளன் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கதையைத் தொடங்கினால் வழியில் நிற்கிற மரத்தடி எல்லாவற்றிலும் இருந்து எழும்பித்தான் வந்து சேருவேன் என்று என் மகள் சொல்வாள். அதற்குள் கேட்கிறவர் எழும்பிப் போய்விட்டால் தம்பி கள்ளனாகவே நின்றுவிடுவான்.

அவன் கள்ளன் இல்லை என்பது எனக்கு அந்தக் கிழமையே தெரியும். ஆனால் அவன் களவெடுக்காமல் அந்தக் காரியம் எப்படி நடந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஒழுங்காக விளங்கவில்லை. விளங்காததை எப்படிப் போய் ஒருவருக்கு விளங்கப்படுத்துவது? விளங்கின மட்டும் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்வதை எழுதுகிறவர் கொஞ்சம் நேராக்கி எழுதுகிறார்.

மாட்டுக்குக் குறி சுடுவதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கம்பியை நெருப்பில் காய்ச்சி மாட்டின் பின்தொடையில் வைப்பது. குடும்பத்துக்கு ஒரு குறி. எங்கள் அப்பாவின் குறி, மேலே பார்த்த ஒரு பிறை, அதற்குக் கீழே இரண்டு கோடு. காட்டுக்குள் நாலு மாதம் நின்றுவிட்டு வந்த மாட்டையும், சேறு பூசிக் கிடக்கிற மாட்டையும் கையால் தடவிப் பார்த்தே அது எங்களுடையதா என்று சொல்வேன். கண்டாவளைப் பக்கத்தில் மற்றவர்களின் குறிகளும் எனக்குப் பாடம். பள்ளிக்கூடம் போன ஆட்களுக்கு எழுத்து எப்படியோ, எனக்கு அது அப்படி.

அப்பா செத்தால் குறி பிள்ளைகளுக்கு. வயலைப் பிரிக்கலாம், மாட்டைப் பிரிக்கலாம். குறியை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கு ஒரு கோடு என்று எடுத்தால் பிறை யாருக்கு? அதனால் அண்ணன் தம்பி எல்லோரும் அதே குறியைத்தான் சுடுவோம். பெண்பிள்ளை கலியாணம் கட்டிப் போகும்போது கொடுக்கிற மாட்டுக்கும் திரும்பச் சூடு வைப்பதில்லை. கொடுத்த மாட்டைத் திரும்பச் சுடுவது, பிள்ளையை வீட்டால் துரத்தியதற்குச் சமம் என்று நினைக்கிற சனம் நாங்கள். அந்த மாடு போடுகிற கன்றுக்கும் தகப்பனின் குறிதான். அவளுடைய மூத்த மகன் வளர்ந்து தனக்கென்று மாடு வைக்கும்வரைக்கும் அப்படித்தான் போகும்.

ஆகவே அந்தப் பிறையும் இரண்டு கோடும் மூன்று பேருடையது. கண்டாவளையில் நான். நெடுங்கேணியில் தம்பி, அவன் அங்கே பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டான். மல்லாவியில் என் மகள். மாடு எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரில் இருக்கிற ஆளுடையது. இதில் குழப்பம் வந்ததே இல்லை. மகளுக்குக் கொடுத்த ஒரு சிவப்புப் பசு மட்டும் இரண்டு தரம் எங்கள் வீட்டை நோக்கித் திரும்பி நடந்து முறிகண்டி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு தரமும் யாரோ கண்டு, குறியைப் பார்த்து, எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். யாரும் அதைக் கட்டாக்காலி மாடு என்று பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கவில்லை.

குறி சுடுகிற கம்பி தம்பியிடம் இருந்தது. அப்பா கடைசியில் அவன் வீட்டில்தான் கிடந்தார். கம்பியும் அங்கேயே நின்றுவிட்டது. மூத்தவன் நான், என்னிடம்தான் வர வேண்டும். நான் கேட்கவில்லை. அவனும் தரவில்லை. கன்று சுடுகிற நாளில் அவனே கம்பியைக் கொண்டு பஸ்ஸில் வருவான், சுட்டுக் கொடுப்பான், சாக்கில் சுற்றித் திரும்பக் கொண்டு போவான். வெளியில் இருந்து பார்த்தால் நல்ல தம்பி. நான் அந்தச் சாக்கைப் பார்ப்பேன், பேச மாட்டேன்.

சண்டை நின்று, சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு சனம் பழைய இடங்களுக்குத் திரும்பி வரத் தொடங்கியது. விட்டுவிட்டுப் போன மாடுகள் காட்டுக்குள் பெருகிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் என்னுடையது என்று பிடித்தார்கள். மண்டை உடைந்தது. அதனால்தான் எங்கள் கால்நடைச் சங்கம் எல்லாருடைய குறியையும் எழுதி வைக்கிறது என்று முடிவெடுத்தது. கொப்பியில் எழுதினால் குறியைக் கீற வேண்டும், ஆளுக்கு ஆள் கோணலாகக் கீறுவார்கள். ஆகவே கிளிநொச்சியில் சங்கத்தின் அறையில் ஒரு கொம்பியூட்டர் வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு ஜெனரேற்றர். அந்த ஜெனரேற்றர் ஓடினால் அறைக்குள் இருக்கிற ஆட்கள் சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கதைக்க வேண்டும்.

கொம்பியூட்டரில் இருந்தவள் ஒரு இளம் பெட்டை. தாய் தகப்பன் மலைநாட்டில் இருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி ஆக்கினவர்கள். இவள் வவுனியாவுக்குப் போய் இந்த வேலையைப் படித்தவள். மாடு பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டாள். நான் முதல்நாள் போனபோது திரையில் எங்கள் குறியைக் கீறிக் காட்டினாள்.

"ஐயா, சரியோ பாருங்கோ. பிறை எந்தப் பக்கம் பாக்குது?"

"மேல பாக்க வேணும் பிள்ளை. நீ கீறினது மழைக்குக் குடை பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

சிரித்துக்கொண்டு அதைக் கவிழ்த்தாள். "இந்தக் குறி ஆற்ற?"

"எங்கட."

"எங்கட எண்டா?"

"என்ர. தம்பியின்ர. என்ர மோளின்ர."

"மூண்டு பேருக்கும் ஒரே குறியோ? நல்ல ஒற்றுமைதான்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தாள், மகளுக்கு ஒரு தாள் என்று எழுதினாள். தாள் என்று அவள்தான் சொன்னாள். நான் ஒரு தாளையும் காணவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் சொன்னால் போதுமாம், தம்பி வந்து தன் பெயரைத் தானே பதிய வேண்டும் என்றாள். அவன் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வேலை இந்த வேலை என்று சாட்டுச் சொல்லிவிட்டுக் கடைசியில் போய்ப் பதிந்தான். அவன் சங்கத்துக்குப் போனதை எங்கள் ஊர் ஆள் ஒருவர் கண்டு எனக்குச் சொன்னார். ஏன் எனக்கு முதலில் சொல்லாமல் போனான் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

அதற்குப் பிறகு மாட்டு மருந்து எடுக்க ஒருநாள் சங்கத்துக்குப் போனேன். காரியதரிசி வாசலிலேயே நின்றார். "இண்டைக்குப் பதிவு இல்லை. அவ பெட்டி மாத்திறா" என்றார். உள்ளே போனால் பெட்டி கிட்டி ஒன்றும் இல்லை. பழைய கொம்பியூட்டர்தான் இருந்தது.

"என்ன பிள்ளை, மெசின் பழுதோ?"

"மெசின் நல்லாத்தான் இருக்கு ஐயா. புரோகிராமுக்குள்ள இருக்கிற பெட்டியை மாத்திறன். நீங்கள் சொல்லுற குறி, பேர், ஊர் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்குது. அது தனிச் சாமான் இல்லை. புரோகிராமோட சேத்து உள்ளுக்கையே வைச்சது."

"அந்தப் பெட்டி பழுதாப் போச்சோ?"

"பழுதாகேல்ல. ஆனா அதைச் செய்தவை இனி அதைப் பாக்க மாட்டினமாம். விட்டிட்டினம்."

"நல்லா இருக்கிறதை ஏன் மாத்துவான்?"

"நாளைக்குப் பழுதானா ஆரிட்டக் கொண்டு போறது?"

இது எனக்கு விளங்கியது. என்னிடம் ஒரு தண்ணீர் இறைக்கிற மெசின் இருந்தது. நல்ல மெசின், தண்ணீர் பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டு வரும். அந்தச் சாதி மெசினை நிறுத்திவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னபோது நான் சிரித்தேன். பிறகு உள்ளே ஒரு ரப்பர் வளையம் கிழிந்தது. சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டுப் பார்த்தேன், செருப்பை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். ஒரு போகம் காய்ந்தது. அந்த மெசின் பிறகு கோழி முட்டையிடுகிற இடமாக இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு விவரமாகச் சொன்னேன். அவள் ஒரு காதால் கேட்டுக்கொண்டு மற்றக் காதால் கொம்பியூட்டரைக் கவனித்தாள்.

"புதுப் பெட்டி ஆற்ற?"

"ஒருத்தற்றயும் இல்லை. பொது. முழுப் புரோகிராமுமே அப்பிடித்தான் ஐயா. எந்தெந்த நாட்டிலயோ இருக்கிற ஆக்கள் சேந்து செய்யினம். எப்பிடிச் செய்திருக்கு எண்டு ஆரும் பாக்கலாம். பிழை கண்டா ஆரும் திருத்திக் குடுக்கலாம்."

"சம்பளம்?"

"இல்லை."

"கோயில் தொண்டு மாதிரியோ?"

"ஓம். ஆனா அன்னதானம் இல்லை."

"அப்ப நானும் திருத்தலாமோ?"

காரியதரிசி வாசலில் நின்று சொன்னார்: "திருத்தலாம், திருத்தலாம். முதல்ல கையெழுத்து வைக்கப் பழகுங்கோ."

இந்தப் பெட்டி மாற்றுகிற வேலையை அவள்தான் பொறுப்பெடுத்தவளாம். அந்த வெளிநாட்டு ஆட்களுக்கு எல்லாம் நேரம் இல்லையாம். அவளுக்கு மட்டும் நேரம் இருந்தது போல. பழைய பெட்டியில் இருந்து புதுப் பெட்டிக்கு எல்லாவற்றையும் மாற்ற மத்தியானம் ஆனது. நான் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்து பார்த்தேன். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. முடிவில் அவள் எண்ணிப் பார்த்தாள். பழையதில் எத்தனை குறியோ, புதியதிலும் அத்தனை குறி. ஒன்றும் குறையவில்லை. சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பிளேன்ரீ ஊற்றித் தந்தாள்.

அந்த மாதம் புதிய பெட்டியில் இருந்து லிஸ்ற் அடித்து ஒவ்வொரு ஊர்ப் பட்டிக்கும் அனுப்பினார்கள். பிடிபட்ட மாட்டை யாரிடம் கொடுப்பது என்று பட்டிக்காரர் அந்த லிஸ்ற்றைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

பிறகு ஒரு காலை, பஸ் கொண்டக்டர் சைக்கிளில் வந்து எங்கள் வேலிப் படலையில் நின்று மணியடித்தார். மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுடைய நாலு மாடும் வேறொருவருடைய வயலுக்குள் இறங்கி, மல்லாவிப் பட்டியில் அடைத்துவிட்டார்களாம். மீட்கப் போனால் லிஸ்ற்றில் அவள் பெயர் இல்லையாம். என் பெயரும் இல்லையாம். சித்தப்பாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். ஒரு கிழமைக்குள் பெயர் உள்ள ஆள் வராவிட்டால் மாட்டை ஏலத்தில் போட்டுவிடுவார்கள்.

நான் கொண்டக்டரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையே சொன்னார்.

பரந்தனில் ஏறி மாங்குளத்தில் இறங்கி, அங்கே இருந்து மல்லாவி பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் நின்றேன். அந்த இரண்டு மணித்தியாலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில வேளை நினைப்பேன். பஸ் உடனே வந்திருந்தால் மனம் அவ்வளவு தூரம் ஓடியிருக்காது. தம்பி எனக்குச் சொல்லாமல் சங்கத்துக்குப் போனது ஞாபகம் வந்தது. கம்பி ஞாபகம் வந்தது. ஆரும் திறந்து பார்க்கலாம், ஆரும் திருத்தலாம் என்று அந்தப் பெட்டை சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆரும் என்றால் அவனும்தானே. அவனுக்கும் எழுத்துத் தெரியாது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

மல்லாவியில் இறங்கிப் பட்டிக்குப் போனேன். தம்பி அங்கே நின்றான். பட்டிக்கு வெளியே, நாலு மாட்டின் கயிறும் அவன் கையில். மகள் அவனுக்குப் பின்னால் நின்றாள். அன்று சந்தை. மாடு பார்க்க வந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள், அதில் நெடுங்கேணி ஆட்களும் இருந்தார்கள்.

பட்டிக்காரர் என்னைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்றார்.

"இது என்ர அப்பற்ர குறி."

அவர் லிஸ்ற்றில் விரலை வைத்து இறக்கினார். "அப்பற்ர பேர் இல்லை. உங்கட பேரும் இல்லை. இந்தக் குறிக்கு ஒரு ஆள்தான். இவர். சொல்லி அனுப்பினம், வந்து பெருவிரல் வைச்சிட்டார். மாடு அவற்ற."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் பிடரியில் ஏறியது.

"அப்பற்ர கம்பியை எடுத்தாய், பேசாம இருந்தன்" என்றேன் தம்பியைப் பார்த்து. "இப்ப பிள்ளைக்குக் குடுத்த மாட்டையும் உன்ர பேரில எழுதி எடுத்திட்டாய். கள்ளன்ரா நீ."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போதே தலை முழுக்க நரைத்திருந்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் திரும்பி மகளிடம் கயிற்றைக் கொடுத்தான்.

"கொண்டு போ மோளை. மாடு இன்னும் தண்ணி குடிக்கேல்ல. சிவப்பு நொண்டுது, அடிக்காம நடத்து."

அவ்வளவுதான் சொன்னான். பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தான்.

"கள்ளன் எண்டா கயித்தைக் குடுப்பானோ?" என்று ஒருவர் கேட்டார்.

"பிடிபட்டா குடுக்கத்தானே வேணும்" என்று மற்றவர் சொன்னார். நெடுங்கேணி ஆட்கள் கிட்ட வந்து நின்றார்கள். கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது மகள் சிவப்புப் பசுவோடு முன்னால் நடந்தாள். குளக்கட்டு தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சித்தப்பா விடிய வந்தவர். முதல் பஸ்ஸில. நேர பட்டிக்குப் போகேல்ல, முதல்ல எங்கட வீட்டதான் வந்தவர். மாடு என்ர எண்டு அவருக்குத் தெரியும், லிஸ்ற்றில தன்ர பேர் கிடக்கிறதால தான் வந்தாத்தான் மாட்டை விடுவாங்கள் எண்டுதான் வந்தவர்."

"அதை ஏன் அங்க சொல்லேல்ல?"

"நீங்கள் சொல்ல விட்டனீங்களோ அப்பா?"

நான் அதையும் முழுக்க நம்பவில்லை. அவள் சின்னதில் இருந்தே சித்தப்பாவின் பக்கம். வந்ததும் கயிறு கொடுத்ததும் சரி, அவன் பெயர் மட்டும் எப்படித் தனியே அங்கே வந்தது? என் பெயர் எப்படிப் போனது? நான் என் வாயால் சொல்ல, சங்கத்துப் பெட்டை எழுதினதை என் கண்ணால் கண்டேன். கண்டேனா என்றும் பிறகு சந்தேகம் வந்தது.

இரண்டு நாளுக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனேன், தம்பியின் மேல் முறைப்பாடு கொடுக்க. காரியதரிசி இல்லை. பெட்டை மட்டும் இருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கொம்பியூட்டரில் தேடினாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்ர பிழை ஐயா."

"உன்ர பிழை எண்டா தம்பி என்ன செய்தவன்?"

"அவர் ஒண்டும் செய்யேல்ல. கடைசியாப் பதிஞ்சவர். அவ்வளவுதான்."

எனக்கு விளங்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மூன்று தாள் எடுத்தாள், உண்மையான தாள். மேசையில் பில் குத்துகிற கம்பி ஒன்று இருந்தது. பழைய பெட்டி இப்படி என்று மூன்று தாளையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அதில் குத்தினாள். கம்பிதான் குறியாம், எத்தனை தாளும் நிற்குமாம். பிறகு ஒரு தீப்பெட்டியின் உள்கூட்டை எடுத்தாள். புதுப் பெட்டி இப்படியாம். ஒரு குறிக்கு ஒரு கூடு, ஒரு கூட்டுக்கு ஒரு தாள். என் தாளை மடித்து உள்ளே வைத்தாள். மகளின் தாளை வைக்க என் தாளை வெளியே எடுத்தாள். தம்பியின் தாளை வைக்க மகளின் தாளை எடுத்தாள்.

"இப்ப உள்ளுக்க ஆர்?"

"தம்பி."

"குறி எத்தினை?"

"ஒண்டு."

"நான் குறியைத்தான் எண்ணினன் ஐயா. ஆக்களை எண்ணேல்ல."

நான் மேசையில் கிடந்த மற்ற இரண்டு தாளையும் காட்டினேன். "அப்ப இதுகள் எங்க? கொம்பியூட்டருக்குள்ள எங்கயாவது விழுந்து கிடக்குமே."

"விழேல்ல. இல்லாமப் போச்சு."

"தாள் எப்பிடி இல்லாமப் போகும்? எரிச்சாலும் சாம்பல் இருக்கும்."

"அது தாள் இல்லை ஐயா" என்றாள். முதலில் தாள் என்றாள், இப்போது தாள் இல்லை என்கிறாள்.

"போகேக்க ஒரு சத்தமும் போடாதோ?"

"அதுதான் ஐயா. ஒரு சத்தம் போட்டிருந்தா நான் பாத்திருப்பன்."

புதுப் பெட்டியை ஒழுங்குபடுத்தின வெளிநாட்டு ஆட்களின் ஊரில் ஒரு குறிக்கு ஒரு ஆள்தானாம். அதனால் அப்படி வைத்தார்களாம். இவளும் அதை அப்படியே விட்டுவிட்டாள். இவளுக்கு மாடு தெரியாது, அவர்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களைப் போல அண்ணன் தம்பி, தகப்பன் மகள் என்று ஒரே குறியில் இருந்த எத்தனையோ வீட்டில் இப்படி ஒருவர் மட்டும் மிஞ்சி மற்றவர்கள் போயிருந்தார்கள். நல்ல வேளையாக அவள் பழைய பெட்டியை ஒரு சீடித் தட்டில் பிரதி எடுத்து பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருந்தாள். அதில் இருந்து எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்தாள். இந்த முறை ஆளுக்கு ஒரு கூடு. குறியை ஆளின் தாளில் எழுதுவதாம்.

இந்தத் திருத்தத்தை அவள் அந்த வெளிநாட்டு ஆட்களுக்கும் அனுப்பினாள். உடனே ஏற்கவில்லை. ஒரு குறி பல பேருக்கு இருந்தால் மாடு யாருடையது என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டு எழுதினாராம். அதை அவள் என்னிடம் கேட்டாள்.

"கேட்டாத் தெரியும்" என்றேன்.

"ஆரைக் கேட்டா?"

"அங்க நிக்கிற ஆக்களை."

அவள் அதையே எழுதினாள். அதற்கு மேல் அவர்கள் பத்து நாள் தங்களுக்குள் வாதாடினார்களாம்.

"பிள்ளை, என்ர தம்பி கள்ளன் இல்லை எண்டும் ஒரு வரி எழுதிவிடு" என்றேன்.

"அவைக்கு உங்கட தம்பியைத் தெரியாதே ஐயா."

"தெரியாட்டி என்ன. எழுது."

எழுதினாள். ஏன் இந்தத் திருத்தம் வேண்டும் என்று சொல்கிற இடத்தில், இந்தப் பிழையால் ஓரிடத்தில் ஒரு தமையன் குற்றமில்லாத தம்பியைப் பலர் முன்னால் கள்ளன் என்று சொல்ல நேர்ந்தது என்று இங்கிலீசில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். கடைசியில் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வரியும் அதோடு சேர்ந்து இருக்கிறதாம், யாரும் பார்க்கலாமாம். அப்படியென்றால் நான் பெயர் கேள்விப்படாத நாடுகளில் இருக்கிற ஆட்களுக்கு என் தம்பி கள்ளன் இல்லை என்று தெரியும். நெடுங்கேணியில் தெரியாது.

நெடுங்கேணிக்குப் போனேன், போகாமல் இல்லை. தம்பி வேலி அடைத்துக்கொண்டிருந்தான். கதிரை கொண்டுவந்து போட்டான். அவனுடைய மனுசி தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "அத்தான் கள்ளன் வீட்டில தேத்தண்ணி குடிப்பரோ தெரியேல்ல" என்றாள்.

"சும்மா இரப்பா" என்றான் தம்பி.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். பிறகு தொடங்கினேன். "அது பெட்டியால வந்தது தம்பி."

"என்ன பெட்டி?"

"உள்ளுக்க இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. பழசைச் செய்தவங்கள் விட்டிட்டாங்கள். புதுசில ஒரு குறிக்கு ஒரு தாள்தான் நிக்குமாம். நீ கடைசியாப் போனதால உன்ர தாள் நிண்டிட்டுது."

அவன் காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"அப்ப மற்றத் தாள் ரெண்டும் எங்க அண்ணை?"

 தீப்பெட்டி இருந்தால் காட்டியிருப்பேன், ஆனால் அதிலும் தாள் மேசையில்தான் கிடந்தது. இல்லாமல் போனது என்று சொன்னால் சிரிப்பான். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, நான் இன்னும் அவனைக் கள்ளன் என்றே நம்பிக்கொண்டு, அவனுடைய களவை மூடி மறைக்க ஒரு கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அவன் நினைத்துவிட்டான். முகத்தில் தெரிந்தது.

"சாப்பிட்டுப் போங்கோ" என்றான்.

என் பிழை என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்று மகள் கேட்பாள். சொல்லலாம். ஆனால் லிஸ்ற்றில் அவன் பெயர் தனியே நின்றதைப் பட்டியில் எல்லாரும் கண்டார்கள். அது எப்படி வந்தது என்று சொல்லாமல் என் பிழை என்றால், அண்ணன் தம்பியை மன்னித்துவிட்டான் என்றுதான் சனம் எடுக்கும். அதைவிட அவன் என்னோடு கதைக்காமலே இருக்கலாம். இதைவிட மோசம், அடுத்த மாத லிஸ்ற்றில் எங்கள் மூன்று பேரின் பெயரும் திரும்ப வந்ததும், பயந்து போய்ப் பழையபடி மாற்றிவிட்டான் என்று நெடுங்கேணிச் சந்தையில் கதைத்தார்களாம். திருத்தினதே அவனுக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு கன்று சுடுகிற நாளில் அவன் வரவில்லை. கம்பியைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினான். நான் சுட்டுவிட்டு, பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினேன். எனக்கு வர வேண்டிய கம்பி என்று நினைத்திருந்தேன், கையில் பிடித்தபோது வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பிறகு சண்டை திரும்ப வந்தது, எல்லோரும் ஓடினோம். மாடு போனது, கம்பி போனது, அந்தக் கொம்பியூட்டர் அறையும் போயிருக்கும். அந்தப் பெட்டை எங்கே என்று தெரியாது. விசாரித்துப் பார்த்தேன், ஒருவரும் சொல்லவில்லை. தம்பி உயிரோடு இருக்கிறான். வவுனியாவில் தன் மகளோடு இருக்கிறான். மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டேன். மழையைப் பற்றிக் கதைப்போம், யார் யார் செத்தது என்று கதைப்போம். நான் அதைத் தொடங்க வாயெடுத்தால் அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பான். ஒரு தரம் அங்கே வந்திருந்த நெடுங்கேணிக் கிழவர் ஒருவர் என்னை வேறொருவருக்குக் காட்டி, மல்லாவியில் தம்பியைப் பிடித்த அண்ணன் இவர்தான் என்றார். கள்ளனைப் பிடித்த மாதிரி, பிடித்த என்றார். தம்பி அதைக் கேட்டுக்கொண்டு வெற்றிலை மடித்தான்.

இப்படியான பெட்டிகளைப் பற்றித் தெரிந்த ஆட்கள் இப்போது எங்கேயும் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள், அவர் என் தம்பியிடம் போய்ச் சொல்லட்டும். வவுனியாவில் இருக்கிற நெடுங்கேணிச் சனத்தைக் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். என் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அங்கே வேறு நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மற்றத் தாள் இரண்டும் எங்கே போனது என்று அவன் கட்டாயம் கேட்பான். அதற்கு ஒரு விடையோடு போகச் சொல்லுங்கள். அவனுக்கு இடது காது கேட்காது. வலது பக்கமாக இருந்து, அவசரப்படாமல் சொல்ல வேண்டும்.